முந்தின நாளே நடந்து முடிந்த கண்காட்சி

முப்பது வருடங்களுக்கு மேல் செய்தி எழுதியிருக்கிறேன். அதில் ஒரே ஒரு செய்தியை, அது நடப்பதற்கு முந்தின நாளே எழுதிவிட்டேன். (ஒன்றுதானா என்று சிரிக்கும் பழைய சகாக்களுக்கு: மாட்டிக்கொண்டது ஒன்று.) மலாக்காவில் எங்கள் ஓவியக் குழு நடத்திய கூடத்தைப் பற்றி அச்சில் இருப்பது, எனக்குத் தெரிந்து, அந்தச் செய்தி மட்டும்தான். இந்த நகரத்தில் ஓவியர்கள் தாங்களே சேர்ந்து நடத்திய இடங்களைப் பற்றி யாராவது வரலாறு எழுத வந்தால், முதல் அடியை என் பொய்யின் மேல்தான் வைப்பார்கள். அவர்கள் வழுக்கி விழாமலிருக்க, நடந்ததை நடந்தபடி இங்கே எழுதி வைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. குழுவின் பெயர் நால்வர் ஓவியக் குழு. நால்வரில் வரையத் தெரிந்தவர்கள் மூவர். முத்தையா அண்ணன் பெயர்ப்பலகை எழுதுபவர். மலாக்காவில் ஓடிய லோரிகளில் பாதியின் கதவுகளில் அவர் எழுத்துதான். ராஜன் சுங்கை ஊடாங்கில் எண்ணெய்த் தொட்டிகளுக்கு வெள்ளையடிக்கும் குத்தகை வேலையில் இருந்தான். பகல் முழுக்க வெள்ளையையே பார்த்த எரிச்சலில், வீட்டுக்கு வந்ததும் அதே தொட்டிகளைச் சிவப்பிலும் நீலத்திலும் வரைவான். கலா டீச்சருக்கு டுரியான் துங்கால் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வேலை. உம்பாய் கடற்கரையின் மீன்படகுகளை நீர்வண்ணத்தில் வரைவார். நான்காவது ஆள் நான். வயது இருபத்தாறு, ஒரு தமிழ் நாளிதழின் மலாக்கா நிருபர். ரூலர் வைத்துக் கோடு போட்டாலும் கோணும். பத்திரிகைக்காரன் ஒருவன் உள்ளே இருந்தால் நல்லது என்று என்னைச் செயலாளராக்கினார்கள். அந்த முடிவை மூவரும் பின்னர் தனித்தனியாகவும் கூட்டாகவும் நொந்துகொண்டார்கள்.

படம் இருந்தது, மாட்ட இடம்தான் இல்லை. முதலில் முத்தையா அண்ணன் பட்டறையில் மாட்டினோம். வந்தவர்கள் எல்லாரும் ஓவியத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தங்கள் நம்பர் பிளேட் தயாரா என்று கேட்டார்கள். பிறகு கோயில் மண்டபம். இரண்டாம் நாளே அங்கே கல்யாணம் வந்தது. படங்களைக் கழற்ற நேரமில்லை. மணமக்களுக்குப் பின்னால் ராஜனின் சிவப்புத் தொட்டி கம்பீரமாக நிற்கும் கல்யாணப் படம் ஒன்று ஏதோ ஒரு வீட்டில் இன்னும் மாட்டியிருக்கும். மூன்றாவது, ஒரு சீனர் காப்பிக்கடைச் சுவர். ஒரே மாதத்தில் கலா டீச்சரின் படகுகள் மேல் குவே தியாவ் நூடுல்ஸ் வறுத்த எண்ணெய் படிந்து, கடல் கெட்டியானது.

நான்காவது இடம்தான் காதர் பாயின் மாடி.

காதர் பாய்க்கு நகரத்தில் மளிகைக் கடை. மிளகாய், மல்லி, மஞ்சள், பட்டை எல்லாம் மூட்டையாக வந்து பொட்டலமாகப் போகும். கடைக்கு மேலே பலகைத் தரை போட்ட நீளமான அறை சும்மா கிடந்தது. முத்தையா அண்ணன் எழுதிக் கொடுத்த பெயர்ப்பலகையைப் பார்த்து மனம் குளிர்ந்த நேரத்தில் பாய், "மேல சும்மாத்தானே கெடக்கு, மாட்டிக்கிங்க" என்று சொல்லிவிட்டார். அறைக்கு வெள்ளையடிக்கும் பொறுப்பு ராஜனுக்குப் போனது. (அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.)

ஒரு சிக்கல் இருந்தது. அதன் பெயர் ஜமால். பாயின் மருமகன். அவருக்கு அந்த மாடி சரக்கு வைக்க வேண்டும்.

"படம் பாக்க எவன் மாமா மாடி ஏறுவான்? மூட்டை வச்சாலாவது பிரயோஜனம்" என்று எங்கள் காதுபடவே சொல்வார்.

ஒருநாள் பாய் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீங்க தெறப்பு விழா வைங்க. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல நல்லா வரட்டும். அதை மருமவன்கிட்ட காட்டி நான் வாயை அடைச்சிடுறேன். வரலன்னா எனக்கும் சொல்ல வார்த்தை இல்ல. மாசக் கடைசில மாடியைக் கொடுத்துடணும்."

ஆக, மாடி தங்குவதும் போவதும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் இருந்தது. பேப்பர் என் கையில் இருந்தது. அப்படித்தான் நான் நினைத்தேன்.

இங்கே அந்தக் காலத்து வெளியூர் நிருபரின் பிழைப்பைச் சொல்லியாக வேண்டும். செய்தியையும் பிலிம் சுருளையும் ஓர் உறையில் போட்டு, கோலாலம்பூர் போகும் பஸ் டிரைவரிடம் கொடுப்போம். புடுராயா பஸ் நிலையத்தில் அலுவலக ஆள் வாங்கிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை வட்டாரப் பக்கம் சனிக்கிழமை மதியத்தோடு முடிந்துவிடும். அதற்குப் போய்ச் சேர வேண்டுமானால் காலை எட்டரை பஸ்ஸில் உறை ஏற வேண்டும். எங்கள் திறப்பு விழா அதே சனிக்கிழமை காலை பத்தரைக்கு.

வேறு யாராக இருந்தாலும் விழாவை வெள்ளிக்கிழமைக்கு மாற்றியிருப்பார்கள். நான் செய்தியை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினேன்.

அது பெரிய காரியமாகவே எனக்குத் தோன்றவில்லை. நம் விழாச் செய்திகளுக்கு என்று ஓர் அச்சு உண்டு. இன்னார் தலைமையில், இன்னார் முன்னிலையில், பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டு சிறப்பித்தனர். பெயரை மட்டும் மாற்றினால் போதும். நூறு விழாவுக்குப் போனவன் நான். நூற்றியோராவது விழாவுக்குப் போகாமலே அதில் என்ன நடக்கும் என்று தெரியாதா? மாணவி இறைவாழ்த்துப் பாடினார். டத்தோ அவர்கள் ரிப்பன் வெட்டிக் கூடத்தைத் திறந்து வைத்து, கலை வளர்ந்தால் சமுதாயம் வளரும் என்றார். (டத்தோ என்பது இங்கே அரசாங்கம் தரும் பட்டம். அதை வாங்கிய ஒருவர் எங்கள் விழாவுக்கு வர ஒப்புக்கொண்டிருந்தார்.) முந்நூறுக்கும் மேற்பட்டோர் திரண்டனர். (அறையில் நாற்பது பேர் நின்றால் பலகை முனகும்.) ஓவியங்களைக் கண்டு பலர் கண்கலங்கினர்.

இவ்வளவும் எழுதிய பிறகு நான்கு வரிக்கு இடம் மிஞ்சியது. காதர் பாய்க்கு மரியாதை செய்ய வேண்டும் என்று தோன்றியது. மேடையில் பேச மாட்டேன் என்று அவர் முன்பே கையெடுத்துக் கும்பிட்டிருந்தார். அதனால் அவருக்குப் பதிலாக நானே பேசினேன்: "'இந்த மாடி என்றும் கலைஞர்களுக்கே உரியது' என்று கட்டட உரிமையாளர் ஜனாப் காதர் அவர்கள் பலத்த கரவொலிக்கிடையே அறிவித்தார்."

எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

புகைப்படமும் வேண்டுமே. வெள்ளிக்கிழமை மாலை முத்தையா அண்ணனையும் ராஜனையும் கடைப் பையன்கள் மூவரையும் முதுகு தெரிய நிறுத்தினேன். அப்போது எதேச்சையாக மாடி ஏறி வந்தார் பாய்.

"பாய், அந்தப் படத்தைப் பாத்துட்டு நில்லுங்க. திரும்பாதீங்க."

"எதுக்கு தம்பி?"

"வெளிச்சம் சரியா இருக்கான்னு பாக்கறேன்."

கலா டீச்சர் மட்டும் நிற்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "மிஸ்டர் சந்திரன், நாளைக்கு நடக்கப்போறத இன்னிக்கே எழுதினா, அதுக்குப் பேரு செய்தி இல்ல, ஜோசியம்."

"டீச்சர், இது தொழில். ஒங்களுக்குப் புரியாது" என்றேன். இப்போது அவர் என் மனைவி. அந்தப் பதிலை இன்றுவரை வட்டியோடு திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு உறை பஸ் ஏறியது. ஒன்பது மணிக்கு ஒரு லோரி வந்து கடை முன்னால் நின்றது. திங்கட்கிழமை வர வேண்டிய காய்ந்த மிளகாய், நாற்பது மூட்டை. கீழே இடமில்லை. ஜமால் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்.

"ஜமாலண்ணே, இன்னும் ஒன்றரை மணி நேரத்துல டத்தோ வராரு" என்றேன்.

"வரட்டும் தம்பி. நான் என்ன டத்தோ மேலயா மூட்டைய எறக்கப் போறேன்? ஓரமா வச்சிக்கிறேன். மழை வருதுலா, மேல பாரு."

மழை உண்மையிலேயே வந்தது. மூட்டைகள் படியேறின. முப்பத்தெட்டாவது மூட்டை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. முப்பத்தொன்பதாவது, படியின் திருப்பத்தில் இருந்த ஆணியில் மாட்டி, மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. நான் எழுதிய செய்தியில் பிழை சொல்ல முடியாத ஒரே வாக்கியம் அப்போது நிறைவேறியது. ஓவியங்களைப் பார்க்க வந்தவர்கள் பலர் கண்கலங்கினர்.

அந்த 'பலர்' பதினொரு பேர். மிளகாய்த் தூசி படியில் புகையாக எழும்பி, மாடிக்குள் நுழைந்து, முத்தையா அண்ணன் அன்று காலைதான் முடித்திருந்த இனாமல் ஓவியத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதில் ஒரு வெள்ளைப் பசு இருந்தது. பசுவுக்கு அம்மை போட்டது.

"ஏய் நிருபரே!" என்று இருமலுக்கு நடுவே அவர் கத்தினார். "இதையும் எழுதுலா! பசுமாடு செவந்து போச்சின்னு எழுது!"

டத்தோவின் கார் சரியாகப் பத்தரைக்கு வந்தது. மலாக்கா வரலாற்றில் எந்த டத்தோவும் அதுவரை நேரத்துக்கு வந்ததில்லை. அவர் இறங்கி, சட்டையைச் சரிசெய்து, முதல் படியில் வலது காலை எடுத்து வைத்தார். மேலிருந்து ராஜன் தும்மினான். டத்தோ நின்றார். இறைவாழ்த்துப் பாட வந்த மாணவி தும்மினாள். டத்தோ காலை மறுபடி கீழே வைத்தார். அடுத்து, வரவேற்க மாலையோடு படியில் இறங்கிய நான், மாலைக்குள்ளேயே தும்மினேன்.

சகுனத்தில் அவருக்கு இருந்த நம்பிக்கை ஊருக்கே தெரிந்தது. புதிய காரை எடுக்கவே மூன்று முறை நல்ல நாள் பார்த்தவர். "தம்பி, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று சொல்லி, வந்த காரிலேயே திரும்பினார். ரிப்பன் வெட்டப்படாமல் தொங்கியது. வந்திருந்த பதினொரு பேரும் கடை வாசல் நடைபாதையில் நின்று, மழையில் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நான் பப்ளிக் போனுக்கு ஓடினேன். லைன் கிடைப்பதற்குள் மதியம் தாண்டிவிட்டது.

கோலாலம்பூரில் துணையாசிரியர் எடுத்தார். "அண்ணே, மலாக்கா சந்திரன். அந்தக் கண்காட்சிச் செய்திய நிறுத்துங்கண்ணே."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு. பக்கமே போயிருச்சு."

"விழா நடக்கலண்ணே."

"டத்தோ வரலயா?"

"வந்தாரு. படி ஏறல."

"வந்தாருல்ல? அப்புறம் என்னலா?"

போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் முத்தையா அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து, என் வீட்டு வாசலில் நின்று, பின் சீட்டைத் தட்டிக் காட்டினார். ஏறிக்கொண்டேன்.

கடையில் பாய் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். எதிரே பேப்பர் விரிந்து கிடந்தது. பக்கத்தில் ஜமால், ராஜன், கலா டீச்சர். மிளகாய் நெடி இன்னும் போகவில்லை. அதனால் யார் கோபத்தில் இருக்கிறார்கள், யாருக்குக் கண் எரிகிறது என்று பிரித்தறிய முடியவில்லை.

ஜமால்தான் தொடங்கினார். "மாமா, நீங்க இப்படிச் சொன்னீங்களா? மாடிய இவங்களுக்கே கொடுத்துட்டீங்களா?"

பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் பேச்சை மறுபடியும் படித்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"இது என் முதுவு" என்றார்.

"ஆமா பாய்" என்றேன்.

"தம்பி, இன்னிக்கு சுபுஹு தொழுதுட்டு வெளிய வரேன். ஏழு பேரு கை கொடுக்கறாங்க. 'காதரு, பெரிய மனசுப்பா ஒனக்கு'ங்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. காப்பிக்கடைக்கு வந்தா அங்கயும் அதே. நான் என்ன சொன்னேன்னு நான் பேப்பரப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கிட்டேன்."

நான் தலை குனிந்து நின்றேன். "மன்னிச்சிடுங்க பாய். நாளைக்கே மறுப்புப் போட்டுடுறேன்."

"என்னன்னு போடுவீங்க? காதருக்குப் பெரிய மனசு இல்லன்னா?"

முத்தையா அண்ணன் எங்கோ திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

பாய் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நான் சொல்லல. ஆனா சொன்னதா ஊருக்குத் தெரிஞ்சு போச்சு. இனி நான் மாத்த முடியாது. மாடி ஒங்களுக்குத்தான்." பிறகு என் பக்கம் விரலை நீட்டினார். "ஆனா என் பேரு வந்திருக்கற பேப்பர் பொய்யா இருக்கக்கூடாது. இதுல என்னென்ன நடந்ததா போட்டிருக்கீங்களோ, அத்தனையும் வர ஞாயித்துக்கிழமைக்குள்ள நடக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும், மூட்டை அங்கயே இருக்கும்."

உலகத்தில் எத்தனையோ நிருபர்கள் நடந்ததை எழுதியிருக்கிறார்கள். எழுதியதை நடத்த வேண்டி வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதல் வேலை, முப்பத்தொன்பது மூட்டைகளையும் ஒரு தகரக் கொட்டகைக்கு மாற்றுவது. (கிழிந்த மூட்டை படியெல்லாம் கிடந்தது, கூட்டி அள்ளியதும் நான்தான்.) இரண்டு நாள் என் கழுத்தும் முதுகும் எரிந்தன. முகத்தைத் தொட்டுவிட்டு அழுதுகொண்டே ஒரு போலீஸ் செய்தி சேகரிக்கப் போனேன். இன்ஸ்பெக்டர் நாற்காலி கொடுத்து ஆறுதல் சொன்னார்.

இரண்டாவது, டத்தோ. அவர் வீட்டுக்குப் போய், மறுபடி வந்து திறந்து வைக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அதான் போன வாரமே தெறந்து வச்சிட்டேனே தம்பி. பேப்பர்ல பாத்தேன்."

"டத்தோ, நீங்க படி ஏறலயே..."

"நல்லாப் பேசியிருந்தேன்" என்றார் அவர், சுவரைக் காட்டி. என் செய்தி கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து சொன்னேன். பாய் யோசித்தார். "அவரே தெறந்தேன்னு சொல்றாரா? அப்ப அது நடந்தாச்சு." காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பேப்பரில் டத்தோ பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாணவி பாடினாள், ஒரு கோடு. கலா டீச்சர் ரிப்பன் வெட்டினார், அரைக் கோடு. மீதி இருந்தது முந்நூறு பேர். காலை பதினொரு மணிக்கு மாடியில் இருந்தவர்கள் ஒன்பது பேர், எங்கள் நால்வரையும் சேர்த்து.

"முந்நூறு பேர் ஒரே நேரத்துல வந்தாங்கன்னா போட்டிருக்கீங்க?" என்று பாய் கேட்டார்.

"இல்ல பாய். 'திரண்டனர்'னுதான்..."

"அது போதும்." இறங்கிப் போய்க் கல்லாவில் உட்கார்ந்தார். அதன் பிறகு அந்தக் கடைக்கு வந்த யாருக்கும், மாடிக்குப் போய் வராமல் சரக்கு கிடைக்கவில்லை.

"பாய், மஞ்சத்தூள் கால் கிலோ."

"மொதல்ல மேல போய்ப் படம் பாத்துட்டு வாம்மா."

"என்ன பாய் வெளையாடறீங்க? அடுப்புல கறி இருக்கு."

"கறி எங்கயும் போயிடாது. ஏறு."

ஏறினார்கள். பசார் கூடையோடு, கைக்குழந்தையோடு, தலையில் எண்ணெயோடு. சலித்துக்கொண்டே ஏறியவர்கள் சிலர் இறங்க மறந்தார்கள். உம்பாயிலிருந்து வந்த மீன்காரர் ஒருவர் கலா டீச்சரின் படகு முன்னால் நின்று, "வலை இந்தப் பக்கமா இருக்கும்? இப்படிக் கெடந்தா ஆளு தண்ணிலதான் விழுவான்" என்று திருத்தினார். டீச்சர் உடனே பென்சில் எடுத்துக் குறித்துக்கொண்டார். ராஜனின் நீலத் தொட்டிக்கு எதிரே ஓர் அம்மா வெகுநேரம் நின்றார். அவர் வீட்டுக்காரரும் சுங்கை ஊடாங்கில்தான் வேலை. "பதினோரு வருசமா சாப்பாடு கட்டிக் கொடுக்கறேன். அது எப்படியிருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். ராஜன் எதையோ எடுப்பது போல் ஜன்னல் பக்கம் திரும்பினான். அன்று மிளகாய் நெடி இல்லை. முத்தையா அண்ணனின் பசுவை அவர் துடைக்கவில்லை, புள்ளிகளோடே மாட்டியிருந்தார். பிள்ளைகள் அதன் முன்னால்தான் கூடினார்கள்.

படி அடியில் நின்று தலை எண்ணியவர் ஜமால். தோற்கடிக்கத்தான் எண்ணத் தொடங்கினார். மாலை நான்கரைக்கு இருநூற்றுத் தொண்ணூற்றாறு. மழை பிடித்துக்கொண்டது. தெருவில் ஆளே இல்லை. ஐந்து மணிக்கு அவர் குடையை விரித்துக்கொண்டு எங்கோ போனார். திரும்பி வந்தபோது பின்னால் அவர் மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார்.

"முந்நூத்தி ஒண்ணு" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "'மேற்பட்டோர்'னு போட்டிருக்குல்ல."

கடைசியாகப் பாயின் பேச்சு மிஞ்சியது. மாடியில் எல்லாரும் கூடினோம். அவர் சட்டைப்பையிலிருந்து பேப்பரை எடுத்தார். எழுத்துக் கூட்டி, தன் பேச்சைத் தானே வாசித்தார்.

"இந்த மாடி... என்றும்... கலைஞர்களுக்கே உரியது... என்று கட்டட உரிமையாளர்... ஜனாப் காதர் அவர்கள்... பலத்த கரவொலிக்கிடையே..."

நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். நாங்கள் இன்னும் கைதட்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டினோம். ஜமாலும் தட்டினார். பாய் திருப்தியோடு, "அறிவித்தார்" என்று முடித்து, கடைசிக் கோட்டைப் போட்டார்.

அந்த மாடி ஆறு வருடம் எங்களிடம் இருந்தது. எங்களுக்குப் பிறகு தொடங்கிய இரண்டு மூன்று இளைஞர் குழுக்களும் அங்கேதான் முதல் ஆணி அடித்தன. பாய் காலமான பிறகும் ஜமால் மூட்டையைப் பற்றிப் பேசவில்லை. ராஜன் ஜொகூருக்கு மாறிப் போய், முத்தையா அண்ணனுக்குக் கண் மங்கி, நாங்களாகத்தான் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்ட ஜமால், பசுவை மட்டும் கேட்டு வாங்கிக் கடையில் மாட்டிக்கொண்டார்.

எனக்குக் கிடைத்தது வேறு. எங்கள் வீட்டில், நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாகச் சொல்வதற்கு 'பஸ்ல போடறது' என்று பெயர். குளிக்காமல் குளித்தேன் என்று மகள் சொன்னால், பஸ்ல போட்டுட்டா. மாத்திரை சாப்பிட்டாச்சு என்று நான் சொன்னால், மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்ப்பார்கள். எங்கள் கல்யாணச் செய்தியைக்கூட, தாலி ஏறி, சாப்பாடு முடிந்து, மறுநாள் காலையில்தான் கலா அனுப்ப விட்டாள்.

போன வாரம் என் மகள் போன் செய்தாள். அவள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போக வேண்டும்.

"அப்பா, எங்க வந்துக்கிட்டிருக்கீங்க?"

"டுரியான் துங்கால் தாண்டிட்டேன்மா" என்றேன்.

பின்னாலிருந்து கலா, போனுக்குக் கேட்கும்படி கத்தினாள்: "பஸ்ல போட்டுட்டாரு! ஆளு இன்னும் செருப்பத் தேடிக்கிட்டிருக்காரு!"